எட்டாவது வள்ளல்

கடையேழு வள்ளல்களோடு கொடை முடிந்துபோனது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இனி மாற்றி எழுத வேண்டும். பாரி தேரைக் கொடுத்தான், பேகன் போர்வையைக் கொடுத்தான். ஆளுக்கு ஒரு கொடையால் பெயர் பெற்றார்கள். லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சாண் வாலோடு தொங்கும் அலுமினிய ஹப்பே, நீ ஒருவனாக நின்று ஏழு கொடுக்கிறாய். மானிட்டருக்கு ஒரு எச்டிஎம்ஐ, பழைய வகை யூஎஸ்பி மூன்று, கேமரா கார்டுக்கு ஒன்று, போன் கார்டுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒரு டைப்-சி. ‘செவன் இன் ஒன்’ என்று அட்டைப்பெட்டியிலேயே உனக்குப் பட்டம் அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குரிய புகழை முழுதாகப் பாடிவிட வேண்டும். மிகையாக ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். உன் உடம்புக்குள் உண்மையில் நடப்பதை மட்டுமே சொல்கிறேன்.

உன்னைப் பாடுவதற்கு முன், உன்னை வள்ளலாக்கியவர்களைப் பாட வேண்டும். கேட்டு நிற்க ஆள் இல்லாத ஊரில் வள்ளலுக்கு என்ன வேலை? அப்படிக் கேட்டு நிற்கும் நிலையை லேப்டாப் கம்பெனிகள் வெகு அக்கறையாக உருவாக்கின. 2015 மார்ச்சில் ஆப்பிள் அறிவித்த 12 அங்குல மேக்புக்கில், ஹெட்போன் துளையை விட்டால் இருந்தது ஒரே ஒரு டைப்-சி. சார்ஜும் அதில்தான், பென்டிரைவும் அதில்தான், மானிட்டரும் அதில்தான். 2016 அக்டோபரில் மேக்புக் ப்ரோவிலிருந்தும் எச்டிஎம்ஐ, கார்டு துளை எல்லாம் விடைபெற்றன. மெல்லிய உடம்புதான் அழகு என்று மற்ற கம்பெனிகளும் பின்னால் நடந்தன. ஐந்து ஆண்டு கழித்து, 2021இல், அதே மேக்புக் ப்ரோவில் எச்டிஎம்ஐயும் கார்டு துளையும் காந்தச் சார்ஜரும் திரும்பி வந்தன. அதற்குள் நீ எல்லா மேசைகளிலும் குடியேறிவிட்டாய். லேப்டாப்பின் எடையைக் குறைத்து, குறைத்த எடையை உன் வடிவில் தனியாக விற்று, அதைப் பையில் சுமக்கும் பெருமையையும் நமக்கே கொடுத்த அந்தத் தாராள மனசை எப்படிப் புகழ்ந்தாலும் தகும்.

உன்னிடம் நான் முதலில் வியப்பது, இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுக்கும் குணத்தை. டைப்-சி முனையில் இருக்கும் 24 பின்களுக்குள் அதிவேகத் தடங்கள் நான்குதான். மானிட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், இரண்டு தடத்தைப் படத்துக்கும் இரண்டு தடத்தைத் தரவுக்கும் ஒதுக்குகிறாய். யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் படம் அனுப்பும் லேப்டாப்பாக இருந்தால், அந்த இரண்டு தடத்தில் போகக்கூடியது நொடிக்கு 8.64 கிகாபிட். 4கே படத்தை நொடிக்கு 60 முறை காட்ட சுமார் 12.5 கிகாபிட் வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றதும் நீ மானிட்டரைத் திருப்பி அனுப்பினாயா? இல்லை. 30 முறையாகக் குறைத்துக்கொண்டு படம் காட்டினாய். பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, 4கே வந்துவிட்டது. சொன்ன சொல் தவறவில்லை.

அந்த 30 ஹெர்ட்ஸ் எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால்தான் உன் அருமை தெரியும். மவுஸை இடமிருந்து வலமாக இழுத்தால் அம்பு வழுக்கிப் போகாது. விட்டு விட்டுத் தாவும். எக்செல் தாளை உருட்டினால் வரிசைகள் இழுபட்டு மங்கும்; கை நின்ற பிறகு ஒரு கணம் கழித்துத்தான் எண்கள் கண்ணுக்குப் பிடிபடும். டைப் செய்த எழுத்து விரலுக்குச் சற்றுப் பின்னால் வரும். நாள் முழுக்க அதையே பார்த்துக் கணக்கு எழுதுகிறவர், சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பவர் ஏறிவிட்டதோ என்று கண் டாக்டரைத் தேடிப் போகிறார். பழியைக் கண்ணின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் பார், அந்த அடக்கம் யாருக்கு வரும்?

‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று இரண்டு எண்ணையும் சேர்த்துப் போட்ட உறவுக்காரன் உனக்கு ஒருவன் உண்டு. விலை கொஞ்சம் கூட. அவனை வாங்கினாலும் லேப்டாப்பின் டைப்-சியில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருந்தால்தான் அந்த இரண்டு தடத்திலேயே 60 வரும். வேறு சிலர் நான்கு தடத்தையும் மானிட்டருக்கே எழுதி வைத்து 60ஐ எட்டிவிடுகிறார்கள். அந்த வீட்டில் யூஎஸ்பி துளைகளுக்கு மிஞ்சுவது நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 2000ஆம் ஆண்டில் யூஎஸ்பி 2.0 வந்தபோது இருந்த வேகம். சில லேப்டாப்களின் டைப்-சியிலிருந்து படமே வெளியே வராது. அங்கே உன் எச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம். இரண்டு எச்டிஎம்ஐ வைத்த ஹப் ஒன்றை மேக்கில் செருகினால், பெரும்பாலும் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். ஒரே தடத்துக்குள் இரண்டு தனிப் படங்களை அனுப்பும் எம்எஸ்டி முறையை மேக் ஏற்பதில்லை. இவற்றில் எதையும் நீ பெட்டியில் எழுதி எங்களைக் குழப்பவில்லை.

அடுத்தது உன் சமத்துவம். மூன்று யூஎஸ்பி துளைகளும் நொடிக்கு 5 கிகாபிட் என்கிறாய். மூன்றும் சேர்ந்து லேப்டாப்புக்குப் போகும் வழி ஒன்றுதான். அந்த வழியின் மொத்த அகலமே 5 கிகாபிட். இரண்டு டிஸ்க்கிலிருந்து ஒரே நேரத்தில் ஃபைல் எடுக்கும்போது அதையும் இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விலை இன்னும் குறைந்த உன் தம்பிகளில், மூன்றில் ஒரு துளைதான் 3.0, மற்ற இரண்டும் 2.0. உள்ளே நீல நாக்கு வைப்பது வழக்கம் மட்டுமே, உத்தரவாதம் இல்லை என்பதால் நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கார்டு ரீடரும் பல சமயம் அந்த 2.0 வீட்டில்தான் குடித்தனம்.

கல்யாணம் எடுத்துவிட்டு வரும் போட்டோகிராபரிடம் போய் இந்த அருமையைக் கேட்க வேண்டும். அவர் கார்டு யூஎச்எஸ்-ஒன் வகை. அந்தத் தரத்தின் உச்சம் நொடிக்கு 104 மெகாபைட். 2.0 வழியில் நடைமுறையில் 35, மிஞ்சினால் 40. 64 ஜிபி நிறைந்த கார்டு நல்ல ரீடரில் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். உன் கையில் அரை மணி நேரம். முகூர்த்தம் முடிந்து, ரிசப்ஷனுக்கு முன்னால் அதே கார்டைக் காலி செய்து மறுபடி கேமராவில் போட வேண்டிய அந்த இடைவேளையில், நகராத பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதரை அசையாமல் உட்கார வைக்கிறாய். ஓடி ஓடி உழைக்கிறவருக்கு ஓய்வு கொடுப்பதும் கொடைதானே.

மின்சாரத்தில் உன் கை இன்னும் பெரியது. ‘100 வாட்’ என்று நெற்றியில் எழுதியிருக்கிறது. உன்னிடம் ஒரு வாட் கூட சொந்தமாகக் கிடையாது. சார்ஜர் தருவதை வாங்கி, உன் சில்லுகளுக்கும் துளைகளுக்கும் பத்து பதினைந்து வாட் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தருகிறாய். 65 வாட் சார்ஜரைச் செருகினால் லேப்டாப்புக்குப் போவது 50 சொச்சம். கனமான வேலை ஓடும்போது சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குவதைப் பார்த்துச் சிலர் பேட்டரி கெட்டுவிட்டது என்று புது பேட்டரி மாற்றுகிறார்கள். சார்ஜரே செருகாமல் விட்டால் லேப்டாப் அந்தத் துளையில் தரும் 7.5 அல்லது 15 வாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறாய். ஒரு யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் மட்டும் 4.5 வாட் வரை கேட்கலாம். இரண்டு டிஸ்க் வந்தால் ஒன்று டிக் டிக் என்று தலையில் அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள், உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகளின் படமாக இருக்கலாம். சார்ஜர் கேபிளிலும் ஒரு விஷயம் உண்டு: 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால், தன்னை 5 ஆம்பியர் கேபிள் என்று அறிவிக்கும் சிறு சில்லு அதற்குள் இருக்க வேண்டும். பழைய போன் கேபிளைச் செருகினால் 100 வாட் சார்ஜரும் 60லேயே நின்றுவிடும்.

ஆனால் நம் ஊர்களில் உன் புகழ் உச்சத்துக்குப் போவது கரண்ட் போகும்போதுதான். லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனது அதற்குத் தெரியவே தெரியாது. நீதான் கலங்கிப்போகிறாய். இதுவரை உன் வழியாக லேப்டாப்புக்குப் போன மின்சாரம் நின்று, இனி லேப்டாப்பிலிருந்து உனக்கு வர வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறும் அந்த நொடியைத் தாங்கும் ஹப்கள் இருக்கின்றன. மலிவான பலவற்றுக்கு அது முடிவதில்லை. மானிட்டர் கறுத்து, டிஸ்க் கழன்று, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த நேரம் ஏதாவது ஃபைல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அது பாதியில் நின்றது நின்றதுதான். கரண்ட் திரும்பி வரும்போது இதே கூத்து இன்னொரு முறை. லேப்டாப்பே கவலைப்படாத ஒரு துக்கத்தை நீ எடுத்து அனுசரிக்கிறாய். ஆண்டறிக்கை, ஆய்வேடு, ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய கணக்கு என்று எத்தனை பேருடைய வேலை இந்த ஒரு நொடியில் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

உன் குரலும் பெரியது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் வந்து விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸின் டாங்கிளும் அந்த வரிசையில்தான் பேசுகிறது. பழைய வைஃபையும் அப்படியே. ஹார்ட் டிஸ்க்கையும் டாங்கிளையும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் செருகினால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். மவுஸில் பேட்டரி மாற்றுவார்கள், மேசையைத் துடைப்பார்கள், கடைசியில் புது மவுஸே வாங்குவார்கள். உனக்கு அருகில் யாரும் பேசக் கூடாது என்பது பெரிய இடத்து மரியாதை. டாங்கிளை ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஒரு முழம் தள்ளி வைத்து, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுமினிய உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதற்காகத்தான், வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பு இல்லை.

லேன் துளையும் சேர்த்து வைத்திருக்கும் உன் அண்ணனையும் விடக் கூடாது. ‘ஈதர்நெட்’ என்று மட்டும் எழுதி எண் போடாமல் விட்டிருந்தால் அது 100 மெகாபிட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு 300 மெகாபிட் இணைப்பு வாங்கியவர் மாதாமாதம் இருநூறைத் தானம் செய்கிறார். அதைவிடப் பெரிய திறமை ஒன்று சில ஹப்களுக்கு உண்டு. சாயங்காலம் ஒருவர் லேப்டாப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். சார்ஜரும் லேன் கேபிளும் ஹப்பில் அப்படியே இருக்கின்றன. வந்து சேரும் தரவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் உள்ளிருக்கும் நெட்வொர்க் சில்லின் கிடங்கு நிரம்பி, ‘நிறுத்து, நிறுத்து’ என்ற சமிக்ஞையை ஓயாமல் வெளியே அனுப்புகிறது. சாதாரண ஸ்விட்ச் அதற்குக் கீழ்ப்படிந்தால் மொத்த அலுவலகத்தின் நெட்வொர்க்கும் நின்றுபோகலாம். பிரிண்டர் கிடையாது, பில்லிங் கிடையாது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, இணைப்புக் கம்பெனிக்கு போன் அடித்து, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, கடைசியில் யாரும் இல்லாத மேசையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னப் பெட்டியைப் பிடுங்கினால் எல்லாம் எழுந்து ஓடுகிறது. முதலாளி வீட்டுக்குப் போன பிறகும் ஊரையே கட்டி ஆளும் ஆற்றல் எந்த வள்ளலுக்கு இருந்தது?

உனக்குப் பெயர் வைத்தவர்களையும் சேர்த்துப் புகழ வேண்டும். 2008இல் யூஎஸ்பி 3.0 என்று வந்த 5 கிகாபிட் வேகம், பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன்பின் 3.2 ஜென் 1 ஆனது. வேகம் அப்படியே இருக்க, பெயர் மட்டும் முன்னேறியது. 2022இல்தான் வேகத்தையே பெயராகப் போடுங்கள் என்று யூஎஸ்பி அமைப்பு சொன்னது. கடையில் பழைய பெயர்கள் இன்னும் நன்றாக விற்கின்றன.

இந்தத் துறையில் நான் மனதாரக் கும்பிடும் மனிதர் ஒருவர் உண்டு. பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர் 2015இல் ஆன்லைனில் விற்ற டைப்-சி கேபிள்களைச் சொந்தக் காசில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, எது தரத்துக்கு ஒத்துவருகிறது, எது வராது என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பையே காவு வாங்கியது. உள்ளே வயர்களை மாற்றி இணைத்திருந்தார்கள். அடுத்த மாதமே, தரத்துக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. கேபிளின் விலை என்ன, லேப்டாப்பின் விலை என்ன! வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கும் பண்பு உன் இனத்தில் சிலருக்கும் உண்டு. சேமிப்பிலோ கடனிலோ லேப்டாப் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு கை போதும்.

வாசகரே, ஏழு துளை, ஒன்பது துளை, பதினொரு துளை என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் மேசையில் எது எது ஒரே நேரத்தில் செருகியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எப்போதாவது ஒரு பென்டிரைவ் என்றால், பெட்டியில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதிய, ஐந்து துளைக்கு மேல் ஆசைப்படாத ஹப் போதும். இரண்டு பெரிய மானிட்டர், எப்போதும் ஓடும் டிஸ்க்குகள், லேன் எல்லாம் வேண்டுமென்றால் ஹப் உங்களுக்குக் காணாது. உங்கள் லேப்டாப்பில் தண்டர்போல்ட்டோ யூஎஸ்பி4-ஓ இருந்தால், தனக்கென்று சொந்த அடாப்டரோடு வரும் டாக் வாங்குங்கள். விலை பல மடங்கு. ஆனால் பெரும்பாலும் 40 கிகாபிட் வழி, மின்சாரத்துக்கு லேப்டாப்பைக் கெஞ்சத் தேவையில்லை. எதை வாங்கினாலும் கேபிள் தனியாகக் கழலும் மாதிரியைத் தேடுங்கள். உடம்போடு ஒட்டிய வால் அடிக்கடி மடங்கும் கழுத்தில்தான் முதலில் அறுந்துபோகும். அங்கே போனால் மொத்தமும் குப்பை.

ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர் கடைக்கோ போகும்போது லேப்டாப், சார்ஜர், பென்டிரைவ் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ஹப்பில் கடையிலிருக்கும் மானிட்டரைச் செருகி, டிஸ்ப்ளே செட்டிங்கில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். பிறகு பென்டிரைவைச் செருகி, அதன் ஃபோல்டர் திரையில் திறந்திருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். ஃபோல்டர் அப்படியே நின்றால் அந்த ஹப்புக்குக் காசு கொடுக்கலாம். மறைந்துபோனால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிடுங்கள்.